சூப்பர் ஹீரோக்களின் உடை நடைமுறைக்கு ஒத்துவர வேண்டுமா?

கேள்வி

வணக்கம். சொந்தமாக ஒரு காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். என் நாயகி இரவில் கூரை விட்டுக் கூரை தாவுகிறவள். பறக்கும் சக்தி எதுவும் இல்லாதவள். முதலில் கணுக்கால்வரை தொங்கும் ஓர் அங்கியை அவள் முதுகில் வரைந்தேன். அது முதல் ஆணியிலேயே மாட்டிக்கொள்ளும் என்றார் நண்பர். அவர் சொன்னதை ஏற்று முழங்கால் காப்பு, பைகள் வைத்த பெல்ட், தடித்த பூட்ஸ் என்று மாற்றியதும், யாரோ ஒரு காவலரைப் போல ஆகிவிட்டாள். நடைமுறையை எந்த அளவுக்குப் பார்க்க வேண்டும்?

பதில் 1

அங்கியை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். அசையாத படத்தில் வேகத்தையும் திசையையும் காற்றையும் ஒரே கோட்டில் காட்டிவிடக்கூடியது அதுதான். 1938இல் வந்த சூப்பர்மேனின் உடை சர்க்கஸ் பயில்வான்களின் உடையைத் தழுவியது. அதன் நீலமும் சிவப்பும் மஞ்சளும் மலிவான தாளில் அச்சானபோதும் கண்ணைப் பறித்தன. 1962இல் முதல் இதழில் சாம்பல் நிறத்தில் வந்த ஹல்க், அந்த நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறி அச்சானதால்தான் இரண்டாம் இதழில் பச்சையானார். உடை முதலில் தாளில் நிற்க வேண்டும். உங்கள் நாயகியைக் கட்டைவிரல் நகத்தளவில், முதுகுப்புறமாக, கறுப்பு மையில் மட்டும் வரைந்து பாருங்கள். அவள்தான் என்று தெரிகிறதா?

பதில் 2

மேலே சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். குண்டு துளைக்காத உடம்புக்கு மெல்லிய துணி போதும். விழுந்தால் எலும்பு முறியும் என்று நீங்களே எழுதிய ஒருத்திக்கு அது போதாது, அதை வாசகர் ஒருபோதும் மன்னிக்கமாட்டார். 1940இல் கால்களை மூடாத குட்டை உடையில் வந்த, பேட்மேனின் துணைவன் ராபினுக்கு 1990இல் முழுக் காற்சட்டை கிடைத்ததை நான் மனதார வரவேற்கிறேன். 'வாட்ச்மென்' கதையில், வங்கி விளம்பரத்துக்காகத் தைத்துக்கொடுத்த அங்கி சுழற்கதவில் சிக்கியதால் டாலர் பில் என்ற நாயகன் சுடப்பட்டு இறக்கிறார்.

அதேசமயம், ஃபிராங்க் மில்லர் 1986இல் எழுதிய பேட்மேன் கதையைப் பாருங்கள். மார்பிலுள்ள மஞ்சள் சின்னம் எதிரிக்குக் குறிவைக்க வசதியாகிவிடுமே என்ற நெடுநாள் கேள்விக்கு, தலைக்குக் கவசம் போட முடியாததால், கவசமுள்ள மார்பை நோக்கியே குண்டுகளை இழுக்கத்தான் அந்தச் சின்னம் என்று அவர் விடை தந்தார். உடையில் ஒரு நூல்கூட மாறவில்லை. காரணம் ஒன்று கிடைத்ததும் குறையாகத் தெரிந்தது தந்திரமாகிவிட்டது.

பதில் 3

அவள் காவலரைப் போல் ஆனதற்கு நடைமுறை காரணமல்ல என்று நினைக்கிறேன். அந்தப் பைகளும் காப்புகளும் யாருக்கும் பொருந்துபவை, அவளுக்கென்று உள்ளவை அல்ல. மார்வெல் காமிக்ஸ் நாயகி கரோல் டேன்வர்ஸ் விமானப்படை விமானி. பல ஆண்டுகள் நீச்சலுடை போன்ற ஒன்றில் வந்தவருக்கு, 2012இல் கேப்டன் மார்வெல் ஆனபோது ஓவியர் ஜேமி மெக்கெல்வி விமானியின் சீருடையை ஒத்த உடையை வடிவமைத்தார். அது நடைமுறைக்கும் ஒத்துவந்தது, அவருடையதாகவும் இருந்தது. உங்கள் நாயகி பகலில் என்ன வேலை செய்கிறாள்?

கேட்டவர்

உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடியைத் துடைக்கிறாள். அதை உடையில் எங்குமே காட்டவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. இடுப்பிலும் தொடைகளிலும் பூட்டும் பாதுகாப்பு வாரை அப்படியே வைத்து, தோளிலிருந்து குறுக்கே ஒரு கயிற்றுச் சுருளைப் போட்டு, அதன் அவிழ்ந்த நுனி தாவும்போது பின்னால் பறப்பதாக வரையப்போகிறேன்; அங்கி செய்த வேலையை அது செய்யும். முதல் மூன்று பக்கங்களை முடித்ததும் இங்கே காட்டுகிறேன்.