மாவுக்கட்டு போட்ட அன்று யாரும் கேட்காத கேள்வி

என் அம்மாவுக்கு இப்போது 66 வயது. அவருக்கு எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) இருப்பதை எவ்வளவு தாமதமாக அறிந்தோம் என்பதை இந்தக் குழுவில் பகிர்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார், எலும்பு கூடியது, நாங்களும் அதை மறந்துவிட்டோம். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று சிகிச்சை அளித்தவர்களும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நடுமுதுகில் சுளீரென வலித்தது என்றார். தசைப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்தோம். சில வாரங்களில் வலி தணிந்தது. ஆனால் வழக்கமாகக் கட்டும் சேலைகளே தரையில் புரளத் தொடங்கின. அவர் உயரம் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்ததை அளந்து பார்த்தபோதுதான் அறிந்தோம். எக்ஸ்ரேயில் 12ஆம் மார்பு முள்ளெலும்பும் அதற்கடுத்த இடுப்பு முள்ளெலும்பும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவில் இருந்தன. முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான் எவர் கவனத்துக்கும் வராமல் போகின்றன என்று மருத்துவர் சொன்னார்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்தோம். தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் டி-ஸ்கோர் -2.2, கீழ்முதுகில் -1.7. இளம் வயதில் உச்சத்தில் இருக்கும் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து நாம் எவ்வளவு கீழே இருக்கிறோம் என்பதையே இந்த எண் காட்டுகிறது. ஓர் அலகு குறையும்போது முறிவுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறைப்படி -2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் எலும்புப்புரை என்பதால், அறிக்கையில் 'ஆஸ்டியோபீனியா' (எலும்புப்புரைக்கு முந்தைய அடர்த்திக் குறைவு) என்றே இருந்தது. அதைப் படித்து நான் நிம்மதி அடைந்தேன். அந்த நிம்மதி தவறு என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: பெரிய அடி எதுவும் இல்லாமல் முள்ளெலும்பு முறிந்துவிட்டால் எண் என்னவாக இருந்தாலும் அது எலும்புப்புரைதான். மேலும் வயதானவர்களின் கீழ்முதுகில் மூட்டுத் தேய்வினாலும் சுண்ணாம்புப் படிவினாலும் அடர்த்தி உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். நசுங்கிய எலும்பும் அதேபோல் அடர்த்தி கூடியதாகத் தெரியும்.

பிறகு, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008 முதல் பயன்பாட்டில் உள்ள ஃப்ராக்ஸ் கணக்கீட்டுக்காகச் சில கேள்விகள் கேட்டார். அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவு நேரும் வாய்ப்பை அது கணிக்கிறது. முன்பு எலும்பு முறிந்ததுண்டா, பெற்றோருக்கு இடுப்பு எலும்பு முறிந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டதுண்டா என்றெல்லாம் கேட்டபோது, விழுந்து இடுப்பு முறிந்து எழாமலே போன, அம்மாவைப் பெற்ற என் பாட்டியின் நினைவு வந்தது. அம்மாவுக்கு 42 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் நீக்கியிருந்தார்கள்; எலும்பைக் காக்கும் ஹார்மோன் அப்போதே குறைந்துவிட்டது. எல்லாத் தடயங்களும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கின்றன.

நம் ஊரில் முழங்கால் மூட்டு வலிக்கும் எலும்புப்புரைக்கும் ஒரே பெயராக 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்வது பெரும் குழப்பத்தை உண்டாக்குகிறது. மூட்டுத் தேய்வு வலிக்கும். எலும்புப்புரையோ முறியும்வரை வலிப்பதில்லை. வலியில்லாததால் நோயில்லை என்று அம்மா நம்பியதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, பாராதைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்) ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை முடித்த பிறகே எலும்பு இழப்பைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை தொடங்கினார்கள். வாரம் ஒரு முறை, விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமலும் காபி குடிக்காமலும் இருக்க வேண்டும். படுத்துவிட்டால் மருந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கும். காபி கலந்தால் அது உடலில் சேராது. காபிக்காகக் காத்திருக்கும் அந்த அரை மணிதான் அம்மாவுக்கு மிகவும் கடினம்.

குழுவின் மற்றொரு உறுப்பினர் எழுதியது:

சகோதரி, இது பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணியதால் நாங்கள் என் அப்பாவைக் கவனிக்கத் தவறினோம். முடக்குவாதத்துக்காக அவர் நாள்தோறும் 7.5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துவந்தார். மூன்று மாதங்களுக்கு மேல் அந்த மாத்திரை தொடர்ந்தால் எலும்பைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும், எலும்பு இழப்பு முதல் சில மாதங்களிலேயே வேகமாக நிகழ்கிறது என்பதையும், அவருக்குத் தோள் எலும்பு முறிந்த பிறகே தெரிந்துகொண்டோம். தயவுசெய்து எவரும் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறோர் ஆபத்து. எலும்பைக் காக்கும் மருந்தும் சேர்த்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது உறுப்பினர்:

என் மாமியாருக்கு எலும்புப்புரைக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி போட்டுவந்தோம். வீடு மாறிய அலைச்சலில் ஒரு தவணை தவறி, பத்து மாதம் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் அவருக்கு மூன்று முள்ளெலும்புகள் நசுங்கின. இந்த ஊசியை நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த எலும்பு அரிப்பு (எலும்பு கரைவது) முன்னைவிட வேகமாகத் திரும்புகிறது. எனவே நிறுத்துவதானால் வேறொரு மருந்தை உடனே தொடங்க வேண்டும். இப்போது அடுத்த ஊசித் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறோம்.