ராணுவ டிசெபிலிட்டி பென்சன்: ஒண்ணு கெடச்சுது, ஒண்ணு தள்ளுபடி. வழி சொல்லுங்க

வணக்கமுங்க, கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து எழுதறனுங்க. எங்க ஊட்டுக்காரரு 17 வருசம் ராணுவத்துல இருந்துட்டு 2022ல வந்தாருங்க. முழங்கால் காயத்துக்கு 20 சதவீதம் ஊனம்னு ஒத்துக்கிட்டு, அதை 50ஆ உயர்த்திப் பென்சன் குடுத்துட்டாங்க. ரத்தக்கொதிப்பை மட்டும் பணியால வந்ததுமில்ல, பணியால கூடுனதுமில்லன்னு தள்ளிட்டாங்க. மொத மேல்முறையீடும் போன மாசம் தள்ளுபடிங்க.

பட்டாளத்துல சேரும்போது எடுத்த மருத்துவச் சோதனையில அந்த நோயே இல்லீங்களே! சேரும்போது நோய்னு பதிவு இல்லீன்னா பொதுவா பணியால வந்ததாத்தான் எடுத்துக்கோணும்னு 2013ல தரம்வீர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்குது. பனிமலையில காவல் நின்ன மனுசன், இப்ப மாத்திரை இல்லாம ஒரு நாள் ஓட்ட முடியறதில்ல.

ரெண்டாவது மேல்முறையீடு எழுதினவங்க, ராணுவத்துக்காரங்க வழக்கை விசாரிக்கிற சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனவங்க ஈரோடு, கோயமுத்தூர் பக்கம் ஆராச்சும் இருந்தாச் சொல்லுங்க. கெடச்ச 50க்கும் இதனால பங்கம் வந்துருமான்னு பயமா இருக்குதுங்க.