மூன்றாம் மாதப் பெட்டிக்கு எந்த இசைத்தட்டு?

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். வெளியூர்களில் வாழும் நம் ஊர்க்காரர்கள் ஆறு பேர் சந்தா கட்டியிருக்கிறார்கள். மாதம் ஒரு பழைய எல்.பி. இசைத்தட்டு அனுப்ப வேண்டும். தேர்வு என் பொறுப்பு. ஒரே தட்டில் ஆறு பிரதிகள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், ஒரே கலைஞரின் வெவ்வேறு தட்டுகளை அனுப்புகிறேன்.

முதல் மாதம் நாகூர் ஹனிபா. அவர் பிறந்தது இராமநாதபுரத்தில், பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது காருகுறிச்சி அருணாசலம். மூன்றாவதில்தான் தகராறு. ஷேக் சின்ன மௌலானா என்றேன். "அடுத்தடுத்து நாதஸ்வரமா?" என்று மச்சான் முறைக்கிறார், அவருக்குச் சினிமாப் பாட்டு வேண்டும். ஒரு ராகம் பக்கம் முழுக்க இருபது நிமிடம் விரிவதற்குத்தானே எல்.பி.? நீங்கள் யார் பக்கம்?

இன்னொன்று: மீனவர்களின் அம்பாப் பாடல்கள் இசைத்தட்டாக வந்திருக்கின்றனவா? பாம்பன், தொண்டிப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

கடற்காற்றில் உறைகள் பூஞ்சை பிடிக்கின்றன. தட்டுகளைச் செங்குத்தாகத்தான் அடுக்கியிருக்கிறேன். அனுபவசாலிகள் உறைகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள். கூரியர் வண்டியின் வெயிலில் தட்டு நெளியாமலிருக்க எப்படிக் கட்டுவது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. வெள்ளிக்கிழமை பெட்டி கிளம்ப வேண்டும்.