சொகுசு கார் வந்தப்புறம் பெங்களூர் டிராஃபிக் சுலபமாச்சா? பட்டவங்க சொல்லுங்க

ஓசூர்க்காரன்:
ஓசூர்ல வீடு, மாரத்தஹள்ளி பக்கம் ஆபீஸ். நடுவுல வர்ற சில்க்போர்டு சிக்னல் நெரிசல் பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டாம். மூணு வருஷம் ஓடின ஜெர்மன் கார் ஒண்ணு எடுத்தேன். சீட்டுல குளுகுளுன்னு காத்து வரும், முதுகு பிடிச்சு விடும், கண்ணாடி ஏத்திட்டா ஹாரன் சத்தம் பக்கத்து ஊர்ல கேக்குற மாதிரி. முதல் மாசம் சொர்க்கம்.

அப்புறம் ஒரு சாயங்காலம், மழை, அகரா தாண்டி வண்டி நகரவே இல்ல. இடது பக்கம் ‘கர்ர்ர்’னு சத்தம். சாப்பாடு டெலிவரி பண்ற பையன். ஸ்கூட்டர் ஹேண்டில் ரெண்டு கதவையும் இழுத்துட்டுப் போயிருக்கு. இறங்கி கன்னடத்துல கத்த ஆரம்பிச்சேன். “அண்ணா, மன்னிச்சிருங்கண்ணா”ங்கறான். தர்மபுரிப் பக்கமாம். சட்டைப்பையில இருந்து நனைஞ்சுபோன நூறு ரூபா நோட்டு ரெண்டை எடுத்து நீட்டுறான். அப்புறம் பெயின்ட் வேலைக்கு 38,000 கேட்டாங்க, அது வேற. நான் வாங்கல. ஆனா “போடா தம்பி”ன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அந்த நோட்டையே பாத்துட்டு நின்னேன் பாருங்க, அதுதான் இன்னும் உறுத்துது. இப்ப மசாஜ் பட்டனைத் தொடறதே இல்ல. ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மாத்தி மாத்திப் பாக்கவே நேரம் சரியா இருக்கு. பழைய காருக்கு இந்தப் பயம் கிடையாது.

பழைய வேகன்ஆர்:
ப்ரோ, விஷயம் சொகுசுல இல்ல, கியர்ல இருக்கு. ஹெப்பால் மேம்பால ஏத்தம், முன்னாடி பி.எம்.டி.சி. பஸ், 20 நிமிஷமா கிளச்சுலயே கால். திடீர்னு கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. காலை எடுக்கவும் முடியல, அமுக்கவும் முடியல. வண்டி ஆஃப் ஆகி பின்னாடி உருண்டு ஆட்டோ மேல ‘டொக்’. ஆட்டோக்காரர் இறங்கி வர்றார், செத்தோம்னு நினைச்சேன். என் மூஞ்சியப் பாத்துட்டு, ஜன்னல் வழியா கைய விட்டுக் கதவைத் திறந்து ஹேண்ட்பிரேக்கை அவரே இழுத்து விட்டார். ஒரு வார்த்தை பேசல. அடுத்த மாசமே கிளச் பெடல் இல்லாத ஏஎம்டி வண்டிக்கு மாறிட்டேன், கால் வலி போச்சு. நீங்க போட்ட காசுல இதே மாதிரி நாலஞ்சு வண்டி வாங்கலாம்.

ஜேபிநகர் மாமா:
வேகன்ஆர் தம்பி சொல்றது பாதிதான் சரி. ஏஎம்டிங்கறது சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளச்சை உங்களுக்குப் பதிலா மெஷின் அமுக்குது. ஊர்ந்து போறப்ப தலையாட்டிக்கிட்டே போகும். டார்க் கன்வர்ட்டர் வச்ச ஆட்டோமேட்டிக் வேற ஜாதி. நடுவுல இருக்கற எண்ணெய்தான் இழுக்குது, அதனால ஊர்ற இடத்துல வழவழன்னு போகும். டிரை டைப் டூயல் கிளச்சை, அதாவது எண்ணெய்ல நனையாத ரெண்டு கிளச் வச்ச ஆட்டோமேட்டிக்கை, இந்த ஊர் டிராஃபிக்குக்கு நான் சொல்லவே மாட்டேன், சூடாகும். ஓசூர்க்காரரே, உங்க டயர் ரன்ஃபிளாட்டான்னு, அதாவது காத்து போனாலும் ஓடற டயரான்னு பாருங்க. அப்படின்னா ஸ்டெப்னி இருக்காது. பஞ்சரானா 80 கி.மீ. வேகத்துக்குள்ள ஒரு 80 கி.மீ. தூரம் ஓட்டலாம், ஆனா டயரோட பக்கச்சுவர் கெட்டி, நம்ம குழியில இடுப்புக்குத் தெரியும். அடுத்து இன்சூரன்ஸ். 2022 செப்டம்பர் வெள்ளத்துல யமலூர்ப் பக்கம் கார் தண்ணிக்குள்ள, ஓனர் டிராக்டர் மேலன்னு பாத்தோமே! தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள்ள போன தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜின் புரொடெக்ட் தனியா எடுக்கலைன்னா அந்தச் செலவு உங்க தலையில.

என் அனுபவமா? ரிட்டயர் ஆயிட்டேன். மாசம் ரெண்டு தடவை மல்லேஸ்வரம் போவேன், மெட்ரோல.

ஓசூர்க்காரன்:
மாமா சார், நான் டயர் பத்திக் கேக்கவே இல்லையே!

கடுகோடி அக்கா:
ஆம்பளைங்க யாரும் சொல்லாத ஒண்ணு நான் சொல்றேன். நான் சர்க்கரைக்காரி. கடுகோடில இருந்து எம்.ஜி.ரோடு, எங்க வீட்டுக்காரர் புதுசா வாங்கின பெரிய வண்டி, டிரைவரோட. மாரத்தஹள்ளி பாலத்துக்கு முன்னாடியே அவசரம் வந்துடுச்சு. வண்டியில கப் வைக்க இடம், காலை நீட்ட இடம், மேல வானம் பாக்கக் கண்ணாடி, எல்லாம் இருக்கு. எனக்கு வேண்டியது மட்டும் இல்ல. ஏசி வேற ஜில்லுன்னு, அது இன்னும் மோசம். வண்டியை அப்படியே விட்டுட்டு இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல நடந்து ஒரு பெட்ரோல் பங்க் போனேன். பங்க்ல வேலை செய்யற பொண்ணு சாவியை ஒரு பெரிய கட்டையில கட்டி வச்சிருந்தா. திரும்பி வந்தா நான் இறங்கின இடத்துல இருந்து வண்டி பத்தடி கூட நகரல. 2023 அக்டோபர்ல பையப்பனஹள்ளி - கே.ஆர்.புரம் துண்டு மெட்ரோ திறந்ததுல இருந்து அந்தக் காரை நான் தொடல. நின்னுக்கிட்டுதான் போறேன், ஆனா எத்தனை மணிக்கு இறங்குவேன்னு தெரியும்.

பழைய வேகன்ஆர்:
அக்கா, உங்களுக்கு பர்ப்பிள் லைன் மெட்ரோ வாசல்லயே இருக்கு. வெளிவட்டச் சாலைக்காரங்க வருஷக்கணக்கா மெட்ரோ தூணை மட்டும்தான் பாத்தாங்க.

கிருஷ்ணகிரி டிரைவர்:
எல்லாரும் காசு குடுத்து ஓட்டறவங்க பேசறீங்க. நான் ஓட்டறதுக்குச் சம்பளம் வாங்கறவன். கோடி ரூபா வண்டி. சார் பின்னாடி காலை நீட்டிப் படுத்துக்குவார். அந்தக் கண்ணாடி பாக்கற பயம் எனக்குத்தான். தானா பிரேக் புடிச்சுத் தானா நகர்ற வசதி இருக்கு, நம்ம ஊர்ல போட்டா முன்னாடி விடற சந்துல ஆட்டோ பூந்துரும், வண்டி பிரேக்கடிக்கும், சார் காப்பி சட்டையில. அத்தோட ஆஃப் பண்ணிட்டேன்.

ஒரு நாள் எலக்ட்ரானிக் சிட்டில இருந்து கோரமங்களா திரும்பறோம். மேம்பாலத்துல பத்து நிமிசம், இறங்கி சில்க்போர்டுல முக்கா மணி. வீட்டு வாசல்ல நிறுத்தினா சார் குறட்டை. அன்னிக்கு ஆபீஸ்ல எதோ பெரிய சண்டை, போன்லயே கண் கலங்கினவரு. எழுப்ப மனசு வரல. ஏசிய விட்டுட்டு, லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருந்தேன். வாட்ச்மேன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் போனாரு. எனக்கு அத்திபெலே போற கடைசி பஸ்ஸும் போயிருச்சு. 11 மணிக்கு முழிச்சு வாட்சைப் பாத்தாரு.

“என்னப்பா, இன்னிக்கு இவ்ளோ டிராஃபிக்கா?”ன்னாரு.

“ஆமா சார்”னுட்டேன்.