முனை வரைபடத் தாளுக்கு வெளியே போகிறது, உதவுங்கள்

புதியவன்12:
அவசரம், நாளைக் காலையில் வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். சூத்திரப்படிதான் பரவளையத்தின் முனையை, அதாவது வளைவு திரும்பும் புள்ளியைக் கண்டுபிடித்தேன், தாளுக்கு வெளியே எங்கோ போய் விழுகிறது. அட்டவணைப் புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக உள்ளே இருக்கின்றன. என்ன தப்பு?

சுழியம்:
சமன்பாடு எங்கே?

கோடுபோடு:
சமன்பாட்டைப் பார்க்காமலே சொல்கிறேன், குறிப் பிழை. முனையின் எக்ஸ் = -பி/2ஏ (எக்ஸ்²க்கு முன்னுள்ள எண் ஏ, எக்ஸுக்கு முன்னுள்ளது பி). அதில் முன்னால் இருக்கும் கழித்தலை விட்டிருப்பீர்கள்.

புதியவன்12:
விடவில்லை. ஒய் = -2எக்ஸ்² + 8எக்ஸ் - 3 (தமிழ் விசைப்பலகை, மன்னிக்கவும்). எக்ஸ் 8 வருகிறது, ஒய் -67.

மூத்தகணக்கு:
சூத்திரத்தை நெட்டுருப் போட்டால் இப்படித்தான். வர்க்கப் பூர்த்தி, அதாவது சமன்பாட்டை முழு வர்க்கமாக மாற்றி எழுதத் தெரிந்தவனுக்குச் சூத்திரம் எதற்கு? ஒய் = -2(எக்ஸ் - 2)² + 5. முனை கண்ணெதிரே நிற்கிறது. இதை இன்னும் எத்தனை இழையில் எழுதுவது?

சுழியம்:
ஐயா, அவர் கேட்டது எங்கே தப்பு என்று. புதியவன், கணிப்பானில் என்ன அழுத்தினீர்கள்? அப்படியே சொல்லுங்கள்.

புதியவன்12:
-8 ÷ 2 × -2

சுழியம்:
அகப்பட்டது. கணிப்பான் இடமிருந்து வலமாகப் போகும். -8ஐ 2ஆல் வகுத்து -4, அதை -2ஆல் பெருக்கி 8. கீழே இருக்க வேண்டிய -2 மேலே ஏறிவிட்டது. -8 ÷ (2 × -2) என்று போடுங்கள், 2 வரும். அதைச் சமன்பாட்டில் போட்டால் ஒய்: -8 + 16 - 3 = 5.

கோடுபோடு:
குறிப் பிழை என்றேன். அடைப்புக்குறியும் குறிதானே!

பாதிவழி:
எக்ஸ் 0 என்றாலும் 4 என்றாலும் ஒய் -3தான். சமச்சீர் அச்சு (வளைவைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோடு) இரண்டுக்கும் நடுவில், அதாவது 2இல். அட்டவணையிலேயே 3, 5, 3 என்று ஏறி இறங்கியிருக்குமே, அந்த 5தான் உச்சி. கணிப்பானே வேண்டாம்.

மூத்தகணக்கு:
உச்சி அல்ல, முனை. மேல்நோக்கித் திறக்கும் பரவளையத்தில் அது அடிப்புள்ளி. அடியைப் போய் உச்சி என்பீர்களா?

பாதிவழி:
முக்கோணத்தில் கீழே இருக்கும் மூலையையும் உச்சி என்றுதானே சொல்கிறோம்?

புதியவன்12:
(2, 5). உள்ளே வந்துவிட்டது. நன்றி, வரையப் போகிறேன்.

மூத்தகணக்கு:
முக்கோணத்தைத் திருப்பி வைத்தால் எந்த மூலையும் மேலே வரும். அது வேறு.

பாதிவழி:
சரி, உங்கள் பரவளையத்தையும் திருப்பி வையுங்களேன்.