பெரியப்பாவின் உளிப்பெட்டி யாருக்கு?

அம்மாப்பேட்டைக்காரன்:

எங்கள் பெரியப்பா 2022 ஐப்பசியில் தவறினார், 76 வயது. விசாகப்பட்டினம் இந்துஸ்தான் ஷிப்யார்டில் 1967-ல் சேர்ந்து 2004-ல் ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போதே லோன் போட்டு சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வீடு வாங்கியிருந்தார், ஓய்வுக்குப் பிறகு பெரியம்மாவுடன் அங்கேயே வந்துவிட்டார். அண்ணன் புனேயில், மூத்த அக்கா விசாகப்பட்டினத்திலேயே கல்யாணம் ஆகி அங்கேயே இருக்கிறார், சின்ன அக்கா மட்டும் பையனோடு இந்த வீட்டில். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்ததால் பத்திரம், பென்ஷன், பேங்க் என்று அலைந்தது எல்லாம் நான்தான். அதில் பட்டதை எழுதுகிறேன், நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் எங்கள் வீட்டில் பேச்சு வந்தது வீட்டுக்காக இல்லை, அந்த வேலைக்கான சாமான்களுக்காக. அவர் மோல்டு லாஃப்டில் இருந்தவர். கப்பலின் வளைவுகளை முழு அளவில், ஒன்றுக்கு ஒன்று என்று, பெரிய மரத்தளத்தின் மேல் வரைந்து பார்க்கிற இடம் அது. தாளில் சின்னதாகப் போட்ட வரைபடத்தில் தெரியாத கோணல் எல்லாம் முழு அளவில் வரைந்தால் கண்ணில் படும். நீளமான, வளைந்து கொடுக்கிற மரச்சட்டத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து, நகராமல் எடைக்கட்டிகளை வைத்து அழுத்தி, கோடு எங்கேயும் குலுங்காமல் போகிறதா என்று தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்ப்பார்களாம். அந்தக் கோட்டிலிருந்து மெல்லிய மரத்தில் அச்சு வெட்டித் தருவார்கள், அந்த அச்சை வைத்துத்தான் இரும்புத் தகடு வெட்டுகிறவர்கள் வெட்டுவார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்து அந்தத் தளத்துக்கு வேலை குறைந்துபோனது. பெரியப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் குறை சொல்ல மாட்டார். 1948-ல் நேரு தண்ணீரில் இறக்கி வைத்த ஜல உஷா கப்பலில் வேலை பார்த்த மூத்த ஆட்களிடம் தொழில் கற்றுக்கொண்டதாகப் பெருமையாகச் சொல்வார்.

விசாகப்பட்டினத்திலிருந்து லீவுக்கு வரும்போது பொக்காரோ எக்ஸ்பிரஸில் வந்து ஜங்ஷனில் இறங்குவார், தோளில் துணிப்பை, கையில் உளிகள் வைக்கிற ஒரு தேக்குப்பெட்டி. நாங்கள் பிள்ளைகள் பைக்குத்தான் ஓடுவோம். பெட்டியைத் தொட விட மாட்டார்.

சரி, சாவுக்கு அப்புறம் நடந்தது. கருமாதிக்கு முந்தின நாள், சொந்தக்காரர்கள் வந்து தங்குவதற்காகப் பின்கொட்டகையைச் சுத்தம் பண்ணினோம். அங்கே கிடந்த உளி, இழைப்புளி எல்லாம் என்ன சாமான் என்றே அண்ணனுக்குத் தெரியாது, அவன் வளர்ந்தது ஹாஸ்டலில். துரு ஏறியது, ஏறாதது என்று பார்க்காமல் இரண்டு சாக்கு இரும்பு பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போனது. சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்தது நான். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

கருமாதி முடிந்து நாலு நாள் கழித்து பென்ஷன் காகிதம் தேடும்போது ரெக்ஸின் பைக்குள் 80 பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. 2014-ல் எழுதியிருக்கிறார். தமிழில் ஆரம்பித்து நடுவில் தெலுங்குச் சொல் கலந்து, கீழே கையெழுத்து. வீடு பெரியம்மாவுக்கு, அவருக்குப் பின் சின்ன அக்காவுக்கு. பேங்கில் இருப்பதைப் பிள்ளைகள் மூன்று பேரும் சமமாக. நகை அம்மா இஷ்டம். கடைசி வரி: "ஆயுதங்களை விற்கக் கூடாது. வேலை தெரிந்த கைக்குப் போக வேண்டும்."

நான் அந்த நிமிடமே வண்டியை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டையில் அந்தப் பழைய இரும்புக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். உளிகளைத் தூக்கிப் பார்த்ததுமே "இது உருக்கப் போடுற சரக்கு இல்லைங்க" என்று தனியாக எடுத்து வைத்திருந்தார். எடைக்குக் கொடுத்த காசை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார், ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. உளிகள், இழைப்புளி மூன்று, வாய்ச்சி, மூலைமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் வந்தது. வட்டம் போடுகிற பித்தளைக் கவராயம் மட்டும் வரவில்லை. பித்தளைக்குத் தனி விலை, முந்தின நாளே கைமாறிவிட்டது என்றார்.

இனி காகித விஷயம். நோட்டில் எழுதியது உயில் ஆகாது. கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ம் பிரிவு. பதிவு செய்யாத உயில்கூடச் செல்லும், ஆனால் சாட்சி இல்லாதது செல்லாது என்று வக்கீல் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆக, பெரியப்பா உயில் எழுதாமல் இறந்ததாகத்தான் கணக்கு. வீடு அவர் சுயமாகச் சம்பாதித்தது, அதனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நாலு சம பங்கு. பெண், ஆண் என்ற வித்தியாசமே இதில் கிடையாது.

வாரிசுச் சான்றிதழ் வாங்கினதுதான் பெரிய அலைச்சல். இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தாயிற்று, விஏஓ வந்தார், வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) விசாரித்தார். அப்புறம் "இறந்தவரின் தாய் இருக்கிறாரா?" என்று நின்றது. மனைவி, பிள்ளைகள் மாதிரியே தாயும் முதல் வகுப்பு வாரிசு, உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. பாட்டி 1991-லேயே போய்விட்டார், ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும். சேலம் மாநகராட்சி ஆனது 1994-ல்தான், பாட்டியின் சாவு அதற்கு முந்தைய நகராட்சிக் காலத்துப் பதிவேட்டில் இருந்தது. தேதி சரியாகத் தெரியாமல் பெரியம்மா "ஆடி கடைசி வெள்ளி, மாரியம்மன் கோயில்ல கூட்டம்" என்று நினைவு வைத்துச் சொன்னதை வைத்துத்தான் தேடி எடுத்தோம். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் இப்போதே ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று பெயர். ஷிப்யார்டு காகிதத்தில் அப்பா பெயர் முன்னால், இவர் பெயர் பின்னால். ஆதாரில் இன்ஷியல். பேங்கில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போட்டோம். ஒரு பேங்கில், எந்த பேங்க் என்று இங்கே எழுதவில்லை, நாமினியாகப் பெரியம்மா இருந்தும் எல்லா வாரிசும் நேரில் வர வேண்டும் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மூத்த அக்கா 2 நாள் லீவு போட்டு வந்ததும் "நாமினி மட்டும் போதுமே" என்றார்கள். அக்கா அழுதுவிட்டார்.

பென்ஷன் இபிஎஸ் 95, அதாவது பி.எஃப். ஆபீஸ் தருகிற பென்ஷன். இறந்தவருக்கு வந்ததில் பாதி மனைவிக்கு வரும், அதற்கு 10டி என்ற விண்ணப்ப ஃபார்ம், பிபிஓ என்கிற பென்ஷன் ஆணையின் நகல், இறப்புச் சான்றிதழ் கொடுத்தோம். அவர் போன பிறகு அக்கவுண்டில் விழுந்த ஒரு மாதப் பென்ஷனைத் தொடாமல் வைத்திருந்ததால் சிக்கல் இல்லை. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் பிறகு பிடித்தம் செய்வார்கள்.

வீட்டுக்கு வருகிறேன். அண்ணனும் மூத்த அக்காவும் நோட்டைப் படித்துவிட்டு, "அப்பா சொன்னது சொன்னதுதான்" என்று தங்கள் பங்கை அம்மாவுக்கும் தங்கைக்கும் விடுதலைப் பத்திரம் போட்டுக் கொடுத்தார்கள். 2023 ஆரம்பத்தில் பதிந்தோம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அப்போது அதிகபட்சம் 25,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 4,000. அந்த வருடம் ஜூலையில் இதை 40,000, 10,000 என்று ஏற்றிவிட்டார்கள். இதில் ஒருத்தர் "எனக்குச் சட்டப்படி கால் பங்கு வேண்டும்" என்று நின்றிருந்தால் அந்த நோட்டு வெறும் நோட்டுதான். யாரும் நிற்கவில்லை. அதற்காக இரண்டு பேரையும் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனால் உளிப்பெட்டிக்கு நின்றார்கள். அண்ணனுக்கு இப்போதுதான் அப்பா என்ன செய்தார் என்று புரிந்தது, புனே வீட்டு ஹாலில் கண்ணாடிக்குள் வைக்கிறேன் என்றான். மூத்த அக்கா தன் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவனுக்கு வேண்டும் என்றார். பெரியம்மா இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் வீட்டுப் பையன், பெரியப்பாவிடம் ஆறேழு வருடம் வந்து மரவேலை கற்றவன், இப்போது கதவு, ஜன்னல் போடுகிறான். தெரு மாரியம்மன் சப்பரத்துக்கு வளைவு வரையும்போது பெரியப்பா அவனைத்தான் மரச்சட்டத்தின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்வார். அவனைப் பெரியம்மா கூப்பிட்டு, துரு ஏறின இழைப்புளித் தகட்டைக் கொடுத்து "தீட்டிக் குடு கண்ணு" என்றார். அவனிடம் கிரைண்டர் மெஷின் இருக்கிறது. அதில் வைக்கவில்லை. மெஷினில் சூடேறி நீலம் பாரித்துவிட்டால் உருக்கின் பதம் போய்விடும் என்று பெரியப்பா திட்டிக்கொண்டே இருப்பார். அவன் வீட்டுக்குப் போய்த் தன் சாணைக்கல்லை எடுத்துவந்து, திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் தேய்த்தான். பெரியம்மா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் அண்ணனும் அக்காவும் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அப்பாவின் ஷிப்யார்டு பித்தளை டோக்கனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார், அண்ணன் தூக்குக்குண்டை.

மேட்டூர் மகள்:

படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத முடியவில்லை. எங்கள் மாமா கொச்சி ஷிப்யார்டில் வெல்டர். டெபாசிட்டில் எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் போட்டபடி அவர் தம்பி பெயர்தான் நாமினி. மாற்றவே இல்லை. மாமா போனதும் தம்பி பணத்தை எடுத்து, "அண்ணன் எனக்குத்தான் எழுதினார்" என்றார். டெபாசிட்டில் நாமினி என்றால் வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். இன்சூரன்ஸ் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே இதைச் சொன்னது, இன்சூரன்ஸில் மட்டும் 2015-ல் சட்டம் கொஞ்சம் மாறிவிட்டது. ஆனால் சட்டம் நம் பக்கம் என்பதற்காகக் கையில் பணம் வந்துவிடாது. ஊர்ப் பெரியவர்களை வைத்து ஒன்றரை வருடம் பேசி, முக்கால்வாசி வந்தது. அத்தைக்கு அந்த வீட்டோடு பேச்சு இன்றுவரை இல்லை. கல்யாணம் ஆனதும் நாமினியை மாற்றுங்கள், தயவு செய்து.

ஏற்காட்டு மிளகு:

நாங்கள் நாகலூர் பக்கம், ஒரு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக்கில் மிளகு. அப்பா உயில் எழுதி இரண்டு சாட்சி வைத்திருந்தார், பதியவில்லை. ஒரு சாட்சி அப்பாவுக்கு முன்னாலேயே போய்விட்டார். இன்னொருவரை அடிவாரத்தில் மகள் வீட்டில் கண்டுபிடித்து, அவருக்கு நினைவு இருக்கும்போதே வாக்குமூலம் எழுதி வாங்கினோம். சொத்து சென்னையில் இல்லாமல் சேலம் மாவட்டத்தில் இருந்ததால், உயில் உண்மைதான் என்று கோர்ட்டில் வாங்குகிற ப்ரொபேட் கேட்கவில்லை. பட்டா மாறுதலுக்கு மட்டும் தம்பியும் வந்து சம்மதம் சொன்னான். சாட்சிக்கு வயதானவரை வைக்காதீர்கள், நம்மைவிடச் சின்னவராகப் பாருங்கள். காப்பிச் செடியில் கிளை கழிக்கிற அப்பாவின் கவாத்துக் கத்தி என்னிடம்தான் இருக்கிறது. அதை யாருக்கு என்று அப்பா எழுதவில்லை, தம்பியும் கேட்கவில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் அவனுக்கு போன் பண்ணிக் கேட்டேன். அவனுக்கும் அது வேண்டும் என்று இத்தனை வருடம் மனதில் இருந்திருக்கிறது. இந்தக் கவாத்துக்கு மேலே வருகிறான்.

அந்தக் கவராயம் கிடைத்ததா?

அம்மாப்பேட்டைக்காரன்:

கிடைக்கவில்லைங்க. பெரியப்பா அதில் தன் டோக்கன் எண்ணைச் சின்னதாக அடித்திருப்பார், பார்த்தால் தெரிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் பித்தளைச் சாமான் குவித்து வைத்திருக்கிற கடைகளில் நின்று பார்க்கிறேன். போன ஆடியில் சப்பரத்துக்கு வளைவு வரையும்போது அந்தப் பையன் ஆணியும் கயிறும் வைத்து அளந்தான். சட்டத்தின் மறுமுனையை நான் பிடித்தேன்.