திருப்பிப் போட்ட படம்

தம் கவிதையை வேறொருவர் பெயரில் ஆலயத் திருவிழா மலரில் கண்டதை இதற்கு முன் ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான் எழுதப்போவது எதிர்ப்பக்கத்து அனுபவம். இதில் படைப்பைப் பறிகொடுத்தவள் பதினேழு வயதுப் பெண். அவளுடைய பெயரை அழித்த கை என்னுடையது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறிய அச்சுக்கடை ஒன்றை நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், திருவிழா பேனர் ஆகியவற்றோடு அண்மை ஆண்டுகளில் இன்னொரு வகை வேலையும் நிறைய வருகிறது. கித்தா (ரப்பர்) மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயன் வீடுகள் உடைபட்டு, ஆட்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறிய பிறகு, ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆண்டுக்கொரு நாள் மண்டபம் எடுத்து ஒன்றுகூடுகிறார்கள் அல்லவா, அந்த ஒன்றுகூடல்களுக்கான டி-சட்டையும் சிறப்பு மலரும்தான் அவை.

அப்படியொரு குழுவின் செயலாளர் 200 சட்டைகளும் 300 மலர்களும் வேண்டுமென்று கேட்டு, அட்டைக்குரிய படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினார். பென்சில் ஓவியம். பொழுது புலருமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கைலிமேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டையைப் போட்டிருக்கும் முதிய பெண் ஒருவர் மரத்தருகே குனிந்து பால் வெட்டுகிறார். வெட்டு முடியும் இடத்தில், பால் வடிந்து சேரும் மங்கு தொங்குகிறது. சட்டையின் இடப்பக்கத்தில் தோட்டத்தின் பெயர் வரவேண்டியிருந்ததால், அந்தப் பெண் எழுத்தை நோக்கியிருப்பதுபோல் அமையட்டுமென்று படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். திருப்பியதும் மூலையில் இருந்த இரண்டெழுத்துக் கையொப்பம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறித் தெரிந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அழித்துவிட்டேன். அரை நிமிட வேலை. யாருடைய கையொப்பம் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மலரின் உள்பக்கத்தில் ‘அட்டை ஓவியம்’ என்பதற்கு நேராகச் செயலாளர் கொடுத்த பெயரை அச்சிட்டேன். அது அவருடைய அக்காள் மகனின் பெயர் என்பது பின்னர்தான் தெரிந்தது.

ஒன்றுகூடல் முடிந்த மறுவாரம், இடைநிலைப்பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் தன் பாட்டியை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். சட்டையை மேசைமேல் விரித்து, “அங்கிள், இது என் பாட்டி” என்றாள். எனக்கு விளங்கவில்லை. அந்தப் படத்தைத் தான் வரைந்து முகநூலில் போட்டதாகவும், தன்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டதாகவும் அவள் சொன்னபோது, கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வதையே நானும் சொன்னேன்: படம் கொடுத்தவரைப் போய்க் கேளுங்கள், நான் அச்சடிப்பவன் மட்டும்தான்.

அவள் வாதாடவில்லை. ஓவிய நோட்டைத் திறந்து சட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதுவரை பேசாமல் நின்ற பாட்டி, சட்டையில் இருந்த மரத்தின்மேல் விரலை வைத்து, “இப்படி வெட்டினா பாலு எங்கேர்ந்து வரும்? மண்டோர் ஏசமாட்டாரு?” என்றார். மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலையை மேற்பார்வை செய்பவர்.

பால் வெட்டியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்தை நோக்கி நிற்கும்போது வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக ஏறாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். நோட்டில் இருந்த படத்தில் வெட்டு அப்படித்தான் இறங்கியது; நான் அச்சடித்த சட்டையில் வலமிருந்து இடமாக இறங்கியது. மண்டபத்தில் அந்தச் சட்டையை அணிந்திருந்த பெரியவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்து, விழா நாளில் குறை சொல்ல வேண்டாமென்று இருந்தார்களோ தெரியாது. எந்தப் படம் மூலம், எது நகல் என்பதற்கு அதன்பின் எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அவள் பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஐம்பதோ நூறோ வெள்ளியைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். “பேரு போடணும்” என்பதையே மூன்று முறை சொன்னாள்.

அவள் முன்னிலையிலேயே செயலாளரை அழைத்தேன். பால் வெட்டும் கிழவி எல்லாருக்கும் பொதுதானே என்றார். முகநூலில் போட்ட பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார். பிறகு, அந்தப் பெண் அதைப் பதிவு செய்திருக்கிறாளா என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அதுவரை படிக்காதது எனக்கு வெட்கமாகவே இருந்தது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது உண்மைதான். பால் வெட்டும் பெண்ணை யாரும் வரையலாம். ஆனால் ஒருவர் தம் உழைப்பால் வரைந்த அந்தக் குறிப்பிட்ட ஓவியம் அவருடையது; தாளில் வரைந்து முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. 2012 முதல் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விரும்புவோர் அறிவிப்புச் செய்து வைக்கலாம். அது பிற்காலத்தில் சான்றாக உதவும், அவ்வளவே. சத்தியப் பிரமாண ஆணையர் முன் செய்யும் உறுதிமொழியும் அவ்வாறே உதவும். என்னைத் தூங்கவிடாதது 25ஆம் பிரிவு. படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதோடு, அவருடைய மதிப்பைக் குறைக்கும் வகையில் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. பால்வெட்டே தெரியாதவள் வரைந்ததுபோல் ஆக்கியவன் நான்தானே.

மறுநாள் இவற்றைச் சொன்னபோது செயலாளர் வழக்கா போடப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்த அக்காள் மகனைப் பற்றி மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: மலர் கைக்கு வரும்வரை அதில் தன் பெயர் இருப்பதே அவனுக்குத் தெரியாதாம். மாமா பேசுவதற்கு முன்பே அவன் அந்தப் பெண்ணை அழைத்து, தான் வரையவில்லை என்பதை எழுதியும் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் குழு இறங்கி வந்தது. குழுவின் முகநூல் பதிவில் பெயர் மாறியது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை.

மீதமிருந்த 140 மலர்களுக்கு என் செலவில் அவளுடைய பெயரை ஸ்டிக்கராக அடித்தேன். ஒரு சனிக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்து, அவளும் நானும் ஒவ்வொன்றாக ஒட்டினோம். விற்றுப்போன 160 மலர்களையும் 200 சட்டைகளையும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாட்டிக்கென்று ஒரே ஒரு சட்டையை, படத்தைத் திருப்பாமல், கையொப்பத்தோடு அடித்துக் கொடுத்தேன். அவர் வெட்டை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அந்தக் குழு இந்த ஆண்டு வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டது. என் கடையின் ஆர்டர் தாளில் இப்போது ‘படம் வரைந்தவர் / எடுத்தவர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பெரும்பாலோர் அதை நிரப்பாமலேயே நீட்டுகிறார்கள். சென்ற வாரம் ஒருவர் அதில் ‘கூகல்’ என்று எழுதிக் கொடுத்தார்.